வாயிற்காவலரின் மனம்: கவனக்குறைவுச் சட்டத்தில் உளக்காயத்தின் வரலாறு

1886-ஆம் ஆண்டு மே மாதம், மெல்பர்ன் நகரையடுத்த ஹாதார்ன். சாலையும் தண்டவாளமும் குறுக்கிடும் இடத்தில் ரயில்வே துறையின் வாயிற்காவலர் ஒருவர் கதவைத் திறந்து, குதிரை வண்டியில் வந்த தம்பதியரை உள்ளே விட்டார். வண்டி தண்டவாளத்தை அடைந்த பிறகே ரயில் வருவது தெரிந்தது. திரும்பிப் போகுமாறு காவலர் சொன்னார். கணவரோ வண்டியை முன்னோக்கி ஓட்டிவிட்டார். மயிரிழையில் ரயில் அவர்களைத் தொடாமல் கடந்து சென்றது. ஆனால் மனைவி மயங்கி விழுந்தார், பின்னர் கடும் நோயுற்றார், கருவும் கலைந்தது. கோல்டாஸ் என்னும் அத்தம்பதியர் தொடுத்த வழக்கில் ஜூரியினர் இழப்பீடு வழங்கினர். ரயில்வே ஆணையர்கள் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலை நாடினர்.

1888-இல் பிரிவி கவுன்சில் அந்த இழப்பீட்டை நீக்கியது. தீர்ப்பை வழங்கியவர் சர் ரிச்சர்ட் கௌச். பம்பாய் உயர் நீதிமன்றத்திலும் பின்னர் கல்கத்தா உயர் நீதிமன்றத்திலும் தலைமை நீதிபதியாக இருந்தவர். உடலில் காயம் ஏதுமின்றி, திடீர் அச்சத்தால் மட்டுமே விளைந்த நரம்பதிர்ச்சியை வாயிற்காவலரின் கவனக்குறைவினால் இயல்பாக விளையும் பயனாகக் கருத இயலாது என்பது அவர் கண்ட முடிவு. அதை ஏற்றுக்கொண்டால் கற்பனைக் கோரிக்கைகளுக்கு வழி திறந்துவிடும் என்ற அச்சமும் தீர்ப்பில் இருந்தது. இந்தியாவுக்கும் அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றம் அதே பிரிவி கவுன்சில்தான். ஆகவே ஒரு மெல்பர்ன் தம்பதியரின் துயரத்திலிருந்து பிறந்த இச்சட்டக் கருத்து தொலைதூர நாடொன்றின் செய்தியாக மட்டும் நின்றுவிடவில்லை. ஒரு பேரரசு முழுமைக்குமான நீதிச் சிந்தனையின் பகுதியாயிற்று.

இவ்வழக்கு தீங்கியல் சட்ட நூல்களில் நரம்பதிர்ச்சிக் கோட்பாட்டின் தொடக்கப் புள்ளியாகப் பேசப்படுகிறது. ஆனால் அதில் வேறொரு மௌனமும் உண்டு. வண்டியில் இருந்த பெண்ணின் மனம் சட்டத்தின் முன் வந்து மறுக்கப்பட்டது. வாயிலில் நின்றவரின் மனமோ கேள்வியாகவே எழவில்லை. அவர் தவறிழைத்தவராக மட்டுமே ஆவணத்தில் இடம்பெறுகிறார். வாயிலில் நிற்பவருக்கே உள்ளம் காயப்படலாம், அதற்கு அவரை நிறுத்தியவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கலாம் என்ற எண்ணம் சட்டத்திற்குள் வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ‘மனம் காயப்படுமா?’ என்னும் மருத்துவக் கேள்வி இவ்வளவு காலத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ‘அதை அறிந்திருக்க வேண்டியவர் யார்?’ என்னும் கேள்வியே எடுத்துக்கொண்டது.

மருத்துவக் கேள்வி 1888-க்கு முன்பே விவாதத்தில் இருந்தது. ரயில் விபத்துகளில் வெளிப்படையான காயமின்றித் தப்பியவர்கள் பின்னர் தூக்கமின்மை, நடுக்கம், நினைவுக் குழப்பம் ஆகியவற்றால் துன்புறுவதை லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் 1866-இல் வெளியிட்ட விரிவுரைகளில் விளக்கினார். தண்டுவடத்தின் அதிர்வே அதற்குக் காரணம் என அவர் கருதினார். ‘ரயில் தண்டுவடம்’ என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. 1883-இல் ஹெர்பர்ட் பேஜ் அதை மறுத்து, பல நேர்வுகளில் அச்சமே நோயை உண்டாக்குகிறது என்று எழுதினார். பேஜ் லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே நிறுவனத்தின் மருத்துவர். தண்டுவடக் காயத்துக்கு இழப்பீடு கேட்கலாம்; அச்சத்துக்குக் கேட்பது கடினம். நோயின் இருப்பிடம் உடலா உள்ளமா என்ற ஆய்வு தொடக்கம் முதலே பணப் பொறுப்பு யாருடையது என்ற வழக்கோடு பின்னிக் கிடந்தது.

தொழிலாளியைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கடினமாக இருந்தது. 1837-இல் தீர்ப்பான பிரீஸ்ட்லி எதிர் ஃபௌலர் வழக்கில், அளவுக்கு மீறிச் சுமையேற்றிய வண்டி உடைந்து காயமுற்ற ஓர் இறைச்சிக் கடைப் பணியாளருக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது. வேலையை ஏற்றவர் அதன் ஆபத்தையும் ஏற்றவர் என்ற கருத்து அதிலிருந்து கிளைத்து வளர்ந்தது. சக ஊழியரின் தவறுக்கு முதலாளி பொறுப்பில்லை என்ற ‘பொது வேலை’க் கோட்பாடும் அதிலிருந்தே தோன்றியது, இங்கிலாந்தில் அது 1948-இல்தான் சட்டத்தால் முற்றாக நீக்கப்பட்டது. இடையே 1891-இல், ஸ்மித் எதிர் பேக்கர் வழக்கில், தலைக்குமேல் பாரந்தூக்கி கற்களைச் சுமந்து செல்வதை அறிந்திருந்தும் வேலை செய்த தொழிலாளிக்குப் பிரபுக்கள் அவை இழப்பீட்டை உறுதிசெய்தது. ஆபத்தை அறிந்திருப்பது வேறு, அதற்கு இசைவது வேறு என்பதே அத்தீர்ப்பின் சாரம். உடலுக்கு 1891-இல் கிடைத்த இந்த வேறுபாடு உள்ளத்துக்குக் கிடைக்க நெடுங்காலம் ஆனது.

கோல்டாஸ் தீர்ப்பின் பிடி மெல்லத் தளர்ந்தது. 1890-இல் அயர்லாந்து நீதிமன்றம் பெல் வழக்கில் அதைப் பின்பற்ற மறுத்தது. 1901-இல் இங்கிலாந்தில் டூலியூ எதிர் ஒயிட் வழக்கு வந்தது. மதுக்கடையில் நின்றிருந்த கர்ப்பிணிப் பெண்ணின் முன்னால் குதிரைகள் பூட்டிய வண்டியொன்று கடைக்குள்ளேயே புகுந்தது. தன் உடலுக்கே ஆபத்து நேரும் என்ற நியாயமான அச்சத்தால் விளைந்த அதிர்ச்சிக்கு இழப்பீடு உண்டு என்று நீதிபதி கென்னடி கூறினார். 1925-இல் ஹாம்ப்ரூக் வழக்கில், ஓட்டுநர் இன்றி உருண்டோடிய லாரி தன் பிள்ளைகளை மோதியிருக்குமோ என்று அஞ்சிய தாயின் அதிர்ச்சியும் ஏற்கப்பட்டது. தன்னுயிர்க்கான அச்சத்திலிருந்து பிறர் உயிர்க்கான அச்சம்வரை வட்டம் விரிந்தது.

விரிந்த வட்டத்துக்கு ஒரு வேலியும் எழுந்தது. 1942-இல் பிரபுக்கள் அவை முடிவுசெய்த போர்ஹில் எதிர் யங் வழக்கில், எடின்பரோ வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்தின் ஓசையைக் கேட்டு அதிர்ந்த மீன் விற்கும் பெண்ணுக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது. வீதியில் செல்லும் சராசரி மனிதர் இத்தகைய நிகழ்வுகளைத் தாங்கும் மனவலிமை உடையவர் என்று சட்டம் கருதலாம் என்ற எண்ணம் அங்கு வலுப்பெற்றது. ‘இயல்பான மனத்திண்மை’ என்னும் இந்த அளவுகோல் மேலோட்டமாக நடுநிலையானது. ஆனால் அது யாருடைய திண்மை? முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கான வீரர்கள் குண்டதிர்ச்சியால் நிலைகுலைந்ததை ஐரோப்பா கண்டிருந்தது. சார்லஸ் மையர்ஸ் 1915-லேயே அதைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதியிருந்தார். பயிற்சியும் சீருடையும் பெற்றவர்களின் மனமும் முறியும் என்பது போர்க்களத்தில் தெரிந்த பிறகும், சீருடை அணிந்தவர் சராசரிக்கு மேற்பட்ட திண்மை உடையவர் என்ற கற்பனை நீதிமன்றத்தில் வாழ்ந்தது.

ஆஸ்திரேலியாவில் 1939-இல் செஸ்டர் எதிர் வேவர்லி மாநகராட்சி வழக்கு நடந்தது. தெருவில் வெட்டி, போதிய காப்பின்றி விடப்பட்ட, நீர் தேங்கிய பள்ளத்திலிருந்து தன் மகனின் உடல் எடுக்கப்படுவதைக் கண்ட தாயின் கோரிக்கையை உயர் நீதிமன்றப் பெரும்பான்மை நிராகரித்தது. நீதிபதி எவட் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1944-இல் நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்றம் உறவினரின் நரம்பதிர்ச்சிக்கு இழப்பீடு தரும் சட்டத்தை இயற்றியது. தீர்ப்பின் கடுமையைச் சட்டமன்றம் தணித்த இந்த நிகழ்வு நினைவில் இருக்க வேண்டும். பின்னாளில் இதற்கு நேர்மாறான காட்சி அதே மாநிலத்தில் அரங்கேறியது.

பணியிடத்தில் நேர்ந்த உளக்காயம் முழு உருவில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது 1970-இல். மவுண்ட் ஐசா சுரங்க நிறுவனத்தின் மின்நிலையத்தில் இருவர் கடும் தீக்காயமுற்றனர். ஓசை கேட்டு ஓடிச் சென்று உதவிய பியூசி என்ற பொறியாளர் சில வாரங்களுக்குப் பின் கடும் மனநோய்க்கு ஆளானார். அவருக்கு வந்த நோயின் குறிப்பிட்ட வகையை முதலாளி முன்கூட்டி அறிந்திருக்க வேண்டியதில்லை, ஏதேனும் ஒருவகை மனநோய் நேரலாம் என்பது எதிர்பார்க்கத்தக்கதாக இருந்தால் போதும் என்று நீதிமன்றம் கூறியது. சட்டம் மருத்துவத்தோடு சேர்ந்துதான் நடக்கிறது, ஆனால் பின்வரிசையில் சற்று நொண்டியபடி நடக்கிறது என்ற பொருளில் நீதிபதி விண்டேயர் அவ்வழக்கில் சொன்னது இத்துறையில் மிகுதியாக எடுத்தாளப்படும் கருத்துகளுள் ஒன்று. பத்தாண்டு கழித்து, 1980-இல், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்வகைக் கையேடு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறைத் தனி நோயாகப் பதிவுசெய்தது.

இனி நோய் உண்மையா என்ற ஐயத்துக்கு இடம் குறைந்தது. ஆனால் பாதுகாப்புப் பணியாளருக்கு எதிரான தயக்கம் குறையவில்லை. 1989-இல் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்கில் நிகழ்ந்த நெரிசல் சாவுகளின்போது பணியில் இருந்த காவல்துறையினர் சிலர் தங்கள் உளக்காயத்துக்கு இழப்பீடு கோரினர். 1998-இல் பிரபுக்கள் அவையின் பெரும்பான்மை அதை மறுத்தது. மாண்டவர்களின் உறவினர் பலருக்கே இழப்பீடு கிடைக்காதபோது காவலர்களுக்கு வழங்குவது பொதுமக்களுக்கு நியாயமாகத் தோன்றாது என்ற கவலை அம்முடிவில் தெளிவாக இருந்தது. கவலை பொய்யானதன்று. ஆயினும் அதன் விளைவு கவனிக்கத்தக்கது: பிறரைக் காக்க நிறுத்தப்பட்டவர், முதலாளிக்குத் தம்மீதுள்ள தனிக் கடமையைச் சுட்டிக்காட்டியபோது, சராசரிப் பார்வையாளரோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டார்.

இதே காலத்தில் மற்றொரு பாதை திறந்தது. திடீர் அதிர்ச்சியால் அன்றி, நாள்தோறும் சேரும் பணிச்சுமையால் முறியும் மனத்தைப் பற்றிய வழக்குகள் அவை. 1994-இல் நார்தம்பர்லாந்து கவுன்டி கவுன்சிலுக்கு எதிரான வழக்கில், சமூகப்பணி மேலாளர் ஒருவருக்கு ஏற்பட்ட இரண்டாம் மனமுறிவுக்கு முதலாளி பொறுப்பாக்கப்பட்டார். முதல் முறிவை அவர்கள் அறிந்திருந்தனர் என்பதே காரணம். 2002-இல் ஹாட்டன் எதிர் சதர்லண்ட் வழக்கில் நீதிபதி ஹேல் இத்துறைக்கான நெறிகளைத் தொகுத்தார். இயல்பிலேயே மனநலத்துக்கு ஆபத்தானவை என்று எந்தத் தொழிலையும் ஒதுக்க முடியாது. குறிப்பிட்ட ஊழியரிடம் வெளிப்பட்ட அறிகுறிகளை முதலாளி கண்டிருக்க வேண்டும் என்பது அவற்றின் மையம். 2005-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் செரபோஸ் நிறுவனம் தொடர்பான வழக்கில் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தது: குறித்த வேலையைச் செய்ய ஊழியர் ஒப்பந்தத்தில் இசைந்திருக்கிறார் என்பதே அவரால் அதைத் தாங்க முடியும் என்று முதலாளி நம்புவதற்கு இடமளிக்கிறது.

1837-இன் குரல் இங்கே மீண்டும் ஒலிப்பதைக் கேட்கலாம். வேலையை ஏற்றவர் ஆபத்தையும் ஏற்றவர் என்ற வாதம் உடல் காயத்தில் 1891-இலேயே வலுவிழந்தது. உளக்காயத்தில் அது வேறு வடிவில் திரும்பியது. காவலாளிக்கு இதன் பொருள் கடுமையானது. ஆபத்தை எதிர்கொள்வதே அவர் ஒப்புக்கொண்ட வேலை. கொள்ளையரை, குடிகாரரை, இரவுத் தனிமையைத் தாங்குவதற்கே அவர் ஊதியம் பெறுகிறார். ஒப்பந்தமே திண்மைக்குச் சான்று என்றால், காவலாளியின் ஒப்பந்தம் மிகப் பெரிய சான்றாகிவிடும்.

இப்பின்னணியில்தான் சிட்னி நகரில் ஒரு பாதுகாவலர் தொடுத்த வழக்கு முக்கியத்துவம் பெறுகிறது. அவர் ஒரு பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர். காவல் காத்ததோ நேஷன்வைட் நியூஸ் என்ற பத்திரிகை நிறுவனத்தின் வளாகத்தை. அன்றாடம் அவரை வேலை வாங்கியவர் அப்பத்திரிகை நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறுப்பு மேலாளர். 1990-களில் பல ஆண்டுகளாக அம்மேலாளர் அவரை இனத்தைச் சொல்லி ஏசினார், இழிவுபடுத்தினார், வேலையைப் பறித்துவிடுவதாக மிரட்டினார். காவலருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறும் கடும் மனச்சோர்வும் ஏற்பட்டன. 2005-இல் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆடம்ஸ் ஏறத்தாழ 19 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வழங்கத் தீர்ப்பளித்தார். அதில் 1,50,000 டாலர் தண்டனை நோக்கிலான இழப்பீடு. 2007 டிசம்பரில் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமும் பத்திரிகை நிறுவனத்தின் பொறுப்பை உறுதிசெய்தது.

இவ்வழக்கின் வரலாற்று மதிப்பு இழப்பீட்டுத் தொகையில் இல்லை. அது அவிழ்த்துக் காட்டிய முக்கோணத்தில் இருக்கிறது. ஒரு காவலாளிக்குப் பெரும்பாலும் இரு எசமானர்கள். ஊதியம் தருபவர் ஒருவர், வேலை வாங்குபவர் மற்றொருவர். ஊதியம் தரும் நிறுவனம் பணியிடத்தில் இருப்பதில்லை. ஆதலால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்கிறது. பணியிடத்தின் உரிமையாளரோ ‘அவர் எங்கள் ஊழியர் அல்லர்’ என்கிறார். முன்னுணரத்தக்க தன்மை என்ற கோட்பாடு அறிவைச் சார்ந்தது. அறிவு இரண்டாகப் பிளந்து கிடக்கும்போது, எந்தப் பாதியும் முழுமையில்லை என்று இரு தரப்பும் கைவிரிக்கலாம். சிட்னி வழக்கில் அந்தச் சந்து அடைபட்டதற்குக் காரணம், தீங்கிழைத்தவரே பத்திரிகை நிறுவனத்தின் சார்பில் காவலர்களை மேற்பார்வையிட்டவர் என்பதுதான். மேற்பார்வை செய்தவர் அறிந்ததை நிறுவனம் அறியவில்லை என்று சொல்வதற்கு எஞ்சியிருந்த இடம் மிகக் குறைவு.

ஆனால் அந்த வெற்றியின் எல்லையையும் குறிக்க வேண்டும். அது வேண்டுமென்றே இழைக்கப்பட்ட, தொடர்ச்சியான கொடுமையைப் பற்றியது. சாதாரணக் காவலாளியின் உளக்காயம் பெரும்பாலும் இப்படிப்பட்ட கொடியவர் எவருமின்றியே நேர்கிறது. தானியங்கிப் பணப்பொறி அருகே கத்திமுனையில் நின்றவர், மாடியிலிருந்து விழுந்தவரின் உடலருகே காவல்துறை வரும்வரை காத்திருந்தவர், மறுநாள் அதே நாற்காலியில் அதே இரவுப் பணிக்கு அமர்த்தப்படுகிறார். இங்கே தவறு ஒருவரின் ஏச்சில் இல்லை. நிகழ்வுக்குப் பின் எதுவுமே செய்யப்படாததில் இருக்கிறது.

இத்தகைய நேர்வுகளில் சட்டம் முன்னும் பின்னுமாக நகர்ந்தது. 2002 செப்டம்பரில் டேம், அன்னெட்ஸ் ஆகிய வழக்குகளில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், திடீர் அதிர்ச்சி, இயல்பான மனத்திண்மை ஆகியவற்றைக் கட்டாய முன்நிபந்தனைகளாகக் கொள்ள வேண்டியதில்லை என்றது. அதே ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் இயற்றிய குடிமைப் பொறுப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு மனத்திண்மை அளவுகோலைச் சட்டத்தின் வழியே மீண்டும் கொண்டுவந்தது. இயல்பான திண்மை உடையவருக்கும் மருத்துவம் ஏற்கும் மனநோய் வரக்கூடும் என்று முன்னுணர வேண்டிய சூழல் இருந்தாலொழிய அங்கே கவனக் கடமை இல்லை. 1944-இல் தீர்ப்பின் கடுமையைத் தணித்த சட்டமன்றம் 2002-இல் தீர்ப்பின் தளர்வைத் திருப்பியது. இழப்பீட்டுச் செலவும் காப்பீட்டுக் கட்டணமும் உயர்கின்றன என்ற விவாதம் அக்காலத்தில் வலுவாக இருந்தது.

2022 ஏப்ரலில் கோசரோவ் எதிர் விக்டோரியா மாநிலம் வழக்கில் உயர் நீதிமன்றம் மற்றொரு வாயிலைத் திறந்தது. பாலியல் குற்ற வழக்குகளை மட்டுமே கையாளும் அரசு வழக்குப் பிரிவில் பணியாற்றிய வழக்கறிஞர் ஒருவர், நாள்தோறும் பார்த்த சாட்சியங்களால் உளக்காயமுற்றார். சில வேலைகள் தம் இயல்பினாலேயே மனநலத்துக்கு ஆபத்தானவை. அத்தகைய இடத்தில் ஊழியரின் தனிப்பட்ட அறிகுறிகளுக்காகக் காத்திராமல் முதலாளி முன்கூட்டியே செயற்பட வேண்டும் என்பது தீர்ப்பின் போக்கு. அந்த அலுவலகத்திடமே இத்தகைய உளக்காயம் பற்றிய எழுத்துபூர்வக் கொள்கை இருந்தது, அது நடைமுறைப்படுத்தப்படவில்லை. அறிந்திருந்தனர் என்பதற்கு அவர்களுடைய கோப்பே சாட்சியாயிற்று. எந்தத் தொழிலும் இயல்பிலேயே ஆபத்தானதன்று என்ற 2002-ஆம் ஆண்டின் இங்கிலாந்துத் தீர்ப்பிலிருந்து இது தெளிவான விலகல்.

வழக்கறிஞருக்குப் பொருந்துவது காவலாளிக்கும் பொருந்துமா? தர்க்கப்படி பொருந்தத்தான் வேண்டும். ஆபத்தை எதிர்பார்த்தே ஒருவரை வாயிலில் நிறுத்துகிறோம். எனவே அவ்வாபத்து எதிர்பாராதது என்று நிறுத்தியவர் சொல்ல முடியாது. காவலாளியின் பணி விவரக் குறிப்பே முன்னுணர்வின் ஆவணம். ஒப்பந்தம் திண்மைக்குச் சான்று என்ற செரபோஸ் வாதத்தை இவ்விடத்தில் திருப்பிப் படிக்கலாம்: அது ஊழியரின் இசைவுக்குச் சான்றாவதைவிட முதலாளியின் அறிவுக்கே வலுவான சான்று.

எதிர்வாதங்களையும் எளிதில் தள்ளிவிட முடியாது. இந்தப் பொறுப்பு விரிந்தால் சிறு நிறுவனங்கள் தாங்காது என்பது ஒன்று. மனநலத்தைக் கவனிக்கும் கடமை ஊழியரின் அந்தரங்கத்தைத் துருவும் உரிமையாக மாறிவிடும், பலவீனமானவர் என்று முத்திரை குத்தி வேலை மறுக்கப்படும் என்பது மற்றொன்று. இரண்டாவது உண்மையிலேயே கனமானது. ஆனால் கடமை கோருவது ஊழியரின் மனத்தைச் சோதிப்பதை அன்று. வேலையின் அமைப்பைச் சோதிப்பதை. வன்முறை நிகழ்வுக்குப் பின் ஊதியத்தோடு ஓய்வு, தனித்த இரவுப் பணியில் சுழற்சி, மேற்பார்வையாளரைத் தாண்டி முறையிடும் வழி ஆகியவற்றுக்கு எவருடைய அந்தரங்கமும் தேவைப்படாது. மருத்துவம் ஏற்கும் நோய் நிறுவப்பட வேண்டும் என்ற நிபந்தனை, 1888-இல் அஞ்சிய கற்பனைக் கோரிக்கைகளை வடிகட்டப் போதுமானது.

இந்தியச் சட்டத்தை இவ்வரலாற்றின் வெளிச்சத்தில் பார்த்தால், காவலாளியின் உடல் எங்கும் அளக்கப்பட்டிருப்பது தெரியும். 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அமைந்த மாதிரி விதிகள் காவலரின் உயரம், பார்வை, கேட்கும் திறன் ஆகியவற்றுக்கு வரையறை தருகின்றன. 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் விதிக்கப்பட்டுள்ளன. தீயணைப்பு, கூட்டக் கட்டுப்பாடு, முதலுதவி எனப் பாடங்கள் நீள்கின்றன. எல்லாம் பிறரைக் காப்பதற்கானவை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கட்டைவிரல் இழப்புக்கு 30 விழுக்காடு வருவாய்த்திறன் இழப்பு என்று அட்டவணை இட்டது. அதன் தொழில்நோய்ப் பட்டியலில் மனநோய்க்கு இடமில்லை. அச்சட்டம் பின்னர் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்போ 2010-இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறைச் சேர்த்திருந்தது.

முக்கோணத்துக்கும் இந்தியச் சட்டத்தில் ஒரு பாதி விடை உண்டு. ஒப்பந்தக்காரரின் தொழிலாளிக்கு முதன்மை நிறுவனமே இழப்பீடு தரவேண்டும் என்று 1923 சட்டத்தின் 12-ஆம் பிரிவு கூறியது. ஆனால் அவ்வேலை அந்நிறுவனத்தின் வழக்கமான தொழிலின் பகுதியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. துணி விற்கும் கடையின் தொழிலில் காவல் அடங்குமா என்ற வாதத்துக்கு அங்கே இடம் கிடைக்கிறது. பணி அழுத்தத்தை இந்திய நீதிமன்றங்கள் அறியாதவை அல்ல. 2012-இல் உச்ச நீதிமன்றம், நெடுந்தூரம் லாரி ஓட்டிவந்து வழியில் இறந்த ஓட்டுநரின் மரணத்தை அவரது பணியின் அழுத்தத்தோடு தொடர்புபடுத்தி இழப்பீட்டை ஏற்றது. ஆனால் அங்கேயும் அழுத்தம் உயிரைப் பறித்த பின்னரே சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது. உடல் வீழ்ந்தால்தான் உள்ளத்தின் பாரம் நம்பப்படும் என்பது 1888-இன் தர்க்கம்.

இந்தியச் சட்டம் மன வேதனையை எங்கும் ஏற்பதில்லை என்றும் சொல்ல முடியாது. லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான 1993-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், வீட்டு ஒதுக்கீட்டில் அலைக்கழிக்கப்பட்ட நுகர்வோரின் மன உளைச்சலுக்கு இழப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, இழப்பீட்டைக் கணக்கிடுகையில் பெண் ஊழியரின் மனக்காயத்தைக் கருதும்படி பணிக்கிறது. ஒப்பந்த ஊழியரும் அச்சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறார். ஆகவே கருத்தும் கருவியும் கைவசம் உள்ளன. வீடு வாங்கியவரின் மன உளைச்சல் சட்டத்துக்குப் புரிகிறது. அந்த வீட்டின் வாயிலில் நிற்பவரின் உளக்காயத்துக்குப் பட்டியலில் ஒரு வரி இல்லை.

நோயை ஏற்க வைத்தது மருத்துவம். பொறுப்பை ஏற்க வைத்ததோ ‘எங்களுக்குத் தெரியாது’ என்ற பதிலை நீதிமன்றங்கள் நம்ப மறுத்த தருணங்கள். 1994-இல் முந்தைய மனமுறிவும், 2007-இல் மேற்பார்வையாளரின் நடத்தையும், 2022-இல் செயற்படுத்தப்படாத கொள்கையும் அறிவுக்குச் சான்றாயின. காவலாளியைப் பொறுத்தவரை அச்சான்று பெரும்பாலும் அவர் கையாலேயே எழுதப்படுகிறது. ஒவ்வொரு வாயிலிலும் ஒரு பதிவேடு இருக்கிறது: வந்தவர், போனவர், வண்டி எண், நேரம், இரவில் நடந்த தகராறு. நிறுவனம் அதைத் தன் சொத்தைக் காக்கப் படிக்கிறது. அதே பதிவேடு, எழுதியவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் நாள் நேரத்தோடு சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கையில் வைத்திருப்பவர் தமக்கு எதுவும் தெரியாது என்று சொல்லும்போது, அதை நம்ப வேண்டிய கட்டாயம் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை.